இடவலம் மாறிய வீடு

— அதைத் தொடாத. மத்ததெல்லாம் கட்டு. அது மேசை மேலயே இருக்கட்டும்.

— சும்மா கேக்கறேன்க்கா, இதுக்கு மட்டும் என்ன தனி மரியாதை? காலையில இதையெல்லாம் எடுத்துட்டுப் போக ஆர்க்கிடெக்சர் காலேஜ் வண்டி வந்து வாசல்ல நிக்கும். அப்பாவோட மாடல் ஒண்ணு விடாம பெட்டிக்குள்ள இருக்கணும்னு நீதானே சொன்ன.

— சொன்னேன். போன வாரம் சொன்னேன்.

— அதுக்குள்ள மனசு மாறிடுச்சா? நான் கிளினிக்கை மூடிட்டு வந்திருக்கேன். எத்தனை பேர் தாடையைப் பிடிச்சுக்கிட்டு வந்து பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பினாங்களோ. கார் நிறைய அட்டைப்பெட்டியும் பழைய துணியும் அள்ளிப் போட்டுட்டு வந்து நின்னா, தொடாதங்கற.

— அள்ளிட்டு வாடான்னு நானா சொன்னேன்? சரின்னு ஒரு வார்த்தை என் வாய்லேர்ந்து வந்துச்சு, அவ்வளவுதான், பறந்து வந்துட்ட. அப்பா போனதுலேர்ந்து இந்த மியூசியத்தை மூடு மூடுன்னு உனக்கு என்ன அவசரமோ.

— தப்பா என்ன சொல்லிட்டேன்? நம்ம வீட்டு முன்பக்கம் ரெண்டு ரூம். வேலைக்குப் போன இடத்துல ஊரார் பிளானுக்கெல்லாம் முத்திரை குத்திட்டு, வீட்டுக்கு வந்து தன் பிளானை வரைஞ்சு தானே அட்டையில ஒட்டி வச்சுக்கிட்ட ஒரு ஆர்க்கிடெக்ட். ஒரு கட்டடம்கூட எழும்பல. அதுக்கு ஒரு மியூசியம். யார்க்கா வர்றா? அட்ரஸ் கேக்க வர்றாங்க. நீயும் ஸ்கூல் விட்டதும் ஓடி வந்து லைட்டைப் போட்டு உக்காந்துக்கற. ஒரு சினிமா உண்டா, ஒரு ஊர் பயணம் உண்டா? உன்னை நினைச்சுத்தான் சொல்றேன்.

— மழைக்கு ஒதுங்கவும் வர்றாங்க. அதை விட்டுட்ட.

— ஒத்துக்கறேன். மழைக்கும் வர்றாங்க.

— அப்படி ஒதுங்கினவங்கதான். கேளு. உன்கிட்ட சரின்னு சொல்லிட்டுப் போனை வச்சேன் பாரு, அதுக்கு மறுநாள். கொட்டு கொட்டுன்னு கொட்டுது. நனைஞ்ச குடையை எங்க சாய்க்கறதுன்னு தெரியாம வாசல்லயே ஒரு அம்மா நிக்கறாங்க. நர்ஸ் உடுப்பு. தெருமுனையில புதுசா ஒரு ஆஸ்பத்திரி வந்திருக்கில்ல, அங்க சேர்ந்திருக்காங்களாம். உள்ள வாங்க, மழை விடற வரைக்கும் சும்மா பாருங்கன்னு கூப்பிட்டேன். அவங்களும் வேற என்ன பண்ணுவாங்க பாவம், ஒவ்வொண்ணா பார்த்துட்டே வந்தாங்க. நூலகம், பஸ் நிலையம், அந்த வட்டமான பள்ளிக்கூடம், எல்லாத்துக்கும் மரியாதையாத் தலையை ஆட்டினாங்க. இதுகிட்ட வந்ததும் நின்னுட்டாங்க.

— அழகா இருக்குன்னு நின்னிருப்பாங்க. இருக்கறதுலயே இதுதானே பார்க்க லட்சணமா இருக்கு.

— அழகா இருக்குன்னு நிக்கற முகம் எனக்குத் தெரியாதா? இது வேற. குனிஞ்சு பார்க்கறாங்க, பின்பக்கம் போய்ப் பார்க்கறாங்க, தலையைச் சாய்ச்சுப் பார்க்கறாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, கொஞ்சம் கோபமாவே கேட்டாங்க, எங்க வீட்டை எதுக்குங்க இங்க பொம்மை பண்ணி வச்சிருக்கீங்கன்னு.

— எங்க வீட்டையா?

— எங்க வீட்டைன்னுதான் சொன்னாங்க. நான் சிரிச்சுட்டேன். இது கட்டாத வீடும்மா, எங்கப்பா மனசுல மட்டும் இருந்ததுன்னு சொன்னேன். வாடகை வீட்டு சமையல்கட்டு இருட்டுல எங்கம்மா கண்ணைக் கசக்கிட்டு நிக்கறதைப் பார்த்துட்டு, காலை வெயில் நேரா அடுப்பு மேல விழற மாதிரி அவர் வரைஞ்சதுன்னு, எல்லார்கிட்டயும் ஒப்பிக்கற அதே பாட்டை ஒப்பிச்சேன். அவங்க காதுல வாங்கின மாதிரியே தெரியல. விரலை மாடலுக்குள்ள விட்டாங்க. தொடக்கூடாதுன்னு எழுதித்தான் வச்சிருக்கேன், ஆனா சொல்ல வாய் வரல. மாடிப்படிக்குக் கீழ, அப்பா செருப்பு வைக்கன்னு ஒரு பொந்து விட்டிருக்கார் பாரு, அதைத் தொட்டு, இங்கதான் ஒளிஞ்சுக்குவேன், எங்க வீட்டுப் பூனை குட்டி போடறதும் இங்கதான்னாங்க. ஆனா எல்லாம் கண்ணாடியில தெரியற மாதிரி மாறியிருக்கே, எங்க படிக்கட்டு இடது பக்கமில்ல வரும்னாங்க. அதைக் கேட்டதும்தான் எனக்குப் பொறி தட்டுச்சு.

— பத்திரிகை.

— பத்திரிகையேதான். நீ அப்போ பொடியன். வாரப் பத்திரிகை ஒண்ணுல, அளவான குடும்பத்துக்கு அழகான வீடுன்னு அப்பாவோட பிளானைப் போட்டாங்க. அவர் வரைஞ்சது அச்சுல வந்தது அந்த ஒரு தடவைதான். அதையும் அந்தப் புண்ணியவான்கள் இடவலம் மாத்தி அச்சடிச்சாங்க. எழுத்தை மட்டும் தனியா அச்சுக் கோத்து நேராப் போட்டதால படிக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது. அப்பா அந்த இதழைச் சுருட்டி மூலையில எறிஞ்சார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

— அவர் சொல்லச் சொல்லக் கேட்டு எனக்கும் மனப்பாடம்.

— அதை இந்த நர்ஸோட அப்பா பார்த்திருக்கார். தபால்காரராம். யார் வீட்டுக்கோ கொடுக்க வேண்டிய இதழா இருந்திருக்கும், என்னமோ போ. அந்தப் பக்கத்தை மடிச்சுச் சட்டைப்பையில வச்சுக்கிட்டு, கொத்தனாரைக் கூப்பிட்டு, இதுல இருக்கற மாதிரியே வேணும், ஒரு நூல் மாறக்கூடாதுன்னு நின்னிருக்கார். அந்தக் கொத்தனாரும் மாத்தலடா. அச்சுல எப்படி வந்ததோ அப்படியே எழுப்பிட்டார்.

— நீ போய்ப் பார்த்தியா?

— பார்க்காம இருப்பேனா? லீவு அன்னைக்குக் கிளம்பிப் போனேன். ரெண்டு பஸ் மாறணும். நம்ம வீட்ல அப்பா மாடலை எல்லாம் துடைக்கறது யாரு? நான்தானே. சின்ன வயசுலேர்ந்து இதைத் துடைச்சுத் துடைச்சு வளர்ந்தவ. கண்ணை மூடிக்கிட்டு நடக்கலாம்னு ஒரு திமிர். வாசப்படியைத் தாண்டினதும் பழக்கத்துல வலது பக்கம் திரும்பினேன், நேரா சுவத்துல முட்டிக்கிட்டேன். அந்த நர்ஸம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே.

— அடி பட்டுச்சா?

— பட்டுச்சு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்பா கட்டின சுவர்ல முட்டிக்கிட்டோம்னு. தடவிப் பார்த்தேன்டா. காரை பெயர்ந்து, மேல பெயிண்ட் அடிச்சு, ஆணி அடிச்சு, காலண்டர் மாட்டி, அப்படி ஒரு சுவர். அட்டை இல்ல. முட்டினா வலிக்குது. நடு மாடிப்படியில ஒரு படியை மட்டும் அப்பா அகலமா விட்டிருக்கார் பாரு, உக்காந்து படிக்கறதுக்கு. அதுக்குப் பக்கத்துல, படிக்கற படின்னு பொடி எழுத்துல எழுதியிருப்பார்.

— அவர் ஜோக்கு அடிச்சது வாழ்க்கையில அது ஒண்ணுதான்.

— பத்திரிகையில அந்த எழுத்தை விட்டுட்டாங்க. அவங்களுக்கு அது எதுக்குன்னே தெரியாது. ஆனா அந்த நர்ஸம்மா அந்தப் படியில உக்காந்துதான் நர்ஸ் படிப்பே படிச்சிருக்காங்க. யாரும் சொல்லலையாம். வீட்ல வெளிச்சமும் காத்தும் அங்கதான் இருந்துச்சு, அதனால உக்காந்தேன்னாங்க. இத்தனை வருஷம் வந்தவங்க போனவங்களுக்கெல்லாம் அந்தப் படியை விளக்கிச் சொல்லியிருக்கேன். விளக்கமே இல்லாம ஒருத்தங்க புரிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க.

— சரிக்கா. நல்ல கதை. நிஜமாவே. ஆனா இதுக்கும் காலேஜ் வண்டிக்கும் என்ன சம்பந்தம்? போட்டோ எடுத்து அனுப்பினா அவங்களே சேர்த்துப் போட்டுக்குவாங்க.

— சம்பந்தம் இருக்கு. அவங்க வீட்ல ஒரு சுவரை இடிக்கணும். பொண்ணும் மருமகனும் கைக்குழந்தையோட கூட வந்து இருக்கப் போறாங்க. உள் அறையைப் பெருசாக்கணும். வர்ற மேஸ்திரி எல்லாம் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களாம். ஒருத்தர் இதை இடிங்கங்கறார், இன்னொருத்தர் அதைத் தொட்டா கூரை தலையில வந்து உக்காரும்ங்கறார். அதான் என்கிட்டக் கேட்டாங்க, உங்கப்பா வரைஞ்சதைப் பார்த்து எதை இடிக்கலாம்னு சொல்ல முடியுமான்னு. நான் வந்து ராத்திரியெல்லாம் பெரிய படத்தை விரிச்சு வச்சுப் பார்த்தேன். அப்பா அந்த உள்சுவரைப் பாரம் தாங்காத சுவராத்தான் போட்டிருக்கார். பக்கத்துல, குடும்பம் வளர்ந்தால் எடுத்துவிடலாம்னு குறிப்பும் எழுதியிருக்கார். மேல இருக்கறதெல்லாம் முன்சுவர்லயும் பின்சுவர்லயும்தான் நிக்குது. அதை அவங்களுக்கும் மேஸ்திரிக்கும் இந்த மாடலை வச்சுத்தான் காட்டணும். கூரையைக் கழட்டினா உள்ள எது எது மேல நிக்குதுன்னு சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

— அதுக்காக மொத்தத்தையும் நிறுத்தணுமா?

— அப்பாவோட படத்தை இதுவரைக்கும் எத்தனையோ பேர் பார்த்திருக்காங்க. பாராட்டியிருக்காங்க, கொட்டாவி விட்டிருக்காங்க. வேலைக்கு வேணும்னு ஒருத்தங்க வந்து கேட்டது இப்போதான். இதை எடுத்துட்டுப் போய் காலேஜ் கோடவுன்ல அடுக்கி வைன்னு என்னால சொல்ல முடியல. வாசல் போர்டைக்கூட மாத்தணும். அதுல என்ன எழுதியிருக்கு? கட்டப்படாத வீடுகளின் காட்சியகம். பொய்யில்ல இப்போ?

— போர்டு இருக்கட்டும். சமையல்கட்டு எப்படி இருந்துச்சு?

— அதைச் சொல்ல விட்டுட்டேனா? பயந்துக்கிட்டேதான் போனேன். இடவலம் மாறினா அது பக்கத்து வீட்டுச் சுவர்ப் பக்கம் போயிருக்கும், குகையாட்டம் இருக்கும், அப்பாவோட ஆசையே அந்த ஒரு இடம்தானே, அதுவே பாழாப் போயிருக்கும்னு நினைச்சேன். எட்டிப் பார்க்கறேன், பளிச்சுன்னு இருக்கு.

— இருக்காதே.

— இருக்குடா. சுவரும் கூரையும் சேர்ற இடத்துல, பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல வெளிச்சம் எட்டற உயரத்துல, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு ஒல்லியா ஒரு ஜன்னல். அப்பாவோட பிளான்ல கிடையாது. எவனோ கெட்டிக்காரக் கொத்தனார் யோசிச்சுப் பண்ணியிருக்கான். அப்பா பார்த்திருந்தா பொறாமையில வெந்திருப்பார்னு நினைச்சுக்கிட்டேன். யார் வச்சதுன்னு கேக்கணும்னு இருந்தேன், அளவு எடுக்கற மும்முரத்துல விட்டுப்போச்சு.

— அங்க ஜன்னல் கிடையாதுக்கா.

— என்னடா இது, பார்த்துட்டு வந்தவகிட்டயே.

— நான் பார்த்தப்போ கிடையாது.

— நீ எப்போ பார்த்த?

— விடு. ஏதோ வாய்ல வந்துடுச்சு.

— வாய்ல வராது. அந்தப் பெட்டியைக் கீழ வை. என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. நீ எப்போ பார்த்த?

— காலேஜ் கடைசி வருஷம். அந்தப் பக்கம் சிநேகிதனைப் பார்க்கப் போனேன், ஸ்கூட்டர் பஞ்சர். தள்ளிட்டே வர்றேன், தெருவுல இந்த வீடு நிக்குது. எனக்கு முதல்ல எங்கயோ பார்த்த முகமாட்டம்தான் இருந்துச்சு. அப்புறம் புரிஞ்சுது. அக்கா, அன்னைக்கு நான் ஸ்கூட்டரைத் தள்ளல, அதுதான் என்னைத் தள்ளிட்டு வந்துச்சு. அவ்வளவு சந்தோஷம். அடுத்த வாரமே ஒரு வேலை இருக்குன்னு பொய் சொல்லி அப்பாவைப் பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனேன்.

— அப்பாவையா? அப்பா பார்த்தாரா அந்த வீட்டை?

— பார்த்தார்.

— சொல்லு. நிறுத்தாத.

— எதிர்ப்பக்கம் போய் நின்னு ரொம்ப நேரம் பார்த்தார். சட்டைப் பித்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கிட்டார், வேலைக்கு ஆள் எடுக்கற இடத்துக்குப் போறவர் மாதிரி. அப்புறம் போய் கேட்டைத் தட்டித் தண்ணி கேட்டார். அந்த வீட்டம்மா நல்ல மாதிரி, உள்ள வாங்கன்னாங்க. நானும் பின்னாடியே போனேன். அப்பா கூடத்துல நின்னு சுத்திச் சுத்திப் பார்க்கறார். கையைக்கூட நீட்டினார், சுவரைத் தொட. அதுக்குள்ள அந்தம்மா தண்ணி எடுக்கச் சமையல்கட்டுக்குள்ள போனாங்க. பட்டப்பகல்க்கா. உள்ள போனதும் லைட்டைப் போட்டாங்க.

— ஐயோ.

— அப்பா முகம் செத்துப்போச்சு. தண்ணியைக் குடிச்சார், நல்லா இருங்கம்மான்னு சொன்னார், வந்துட்டார். வழியில வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு மரத்தடியில உக்காந்தார். நான் சொன்னேன், திரும்பிப் போலாம்ப்பா, இது நீங்க வரைஞ்சதுன்னு சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்கன்னு. என்னன்னு சொல்லச் சொல்றன்னார். உங்க வீட்டுப் பொம்பளை பகல்ல இருட்டுல நிக்கறதுக்கு நான்தான் காரணம்னு சொல்லவான்னார். வீட்ல யார்கிட்டயும் மூச்சு விடாத, முக்கியமா அம்மாகிட்டன்னார்.

— அம்மாவுக்குன்னு வரைஞ்ச சமையல்கட்டு இல்ல அது.

— அதான்.

— நீயும் சொல்லல. அம்மா போயாச்சு, அப்பா போயாச்சு. எனக்குமா சொல்லக்கூடாது?

— எப்படிச் சொல்வேன்? அதுக்கப்புறமும் யார் வீட்டுக்கு வந்தாலும், நான் வரைஞ்சதுல ஒரு செங்கல்கூட மண்ணுல ஏறலைன்னு அதே பேச்சு. நான் பக்கத்துல நிப்பேன். என் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார். நீ அவருக்கு மேல, கண்ணு கலங்கி அதைக் கேட்டுட்டு நிப்ப. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன்.

— நான் எதுக்காகடா இந்த வீட்டை விட்டு நகரல? ரெண்டு தடவை மாற்றல் வந்துச்சு. நல்ல இடம், நல்ல ஸ்கூல். வேணாம்னேன். நம்ம அப்பாவுக்கு எதுவுமே நடக்கலையே, கூட ஒருத்தராவது இருக்கணும்னு. எதுவுமே நடக்கலைங்கறதை நம்பித்தானே.

— தெரியும். அதனாலதான் மூடு மூடுன்னேன். விஷயத்தைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. இந்த ரூமைக் காலி பண்ணிட்டா, நீயாவது உன் வழியைப் பார்ப்பன்னு நினைச்சேன்.

— அவருக்கு எவ்வளவு வேதனையா இருந்திருக்கும். அச்சடிச்சவன் பண்ணின தப்பை இவர் தூக்கிச் சுமந்திருக்கார்.

— சுமந்தாரா? எனக்கு அதுதான்க்கா ஆறவே இல்ல. யாரோட தப்பா இருந்தா என்ன? தப்புன்னு தெரிஞ்ச ஆள் உலகத்துலயே அவர் ஒருத்தர்தான். நான் ஒரு பல்லுல தப்புப் பண்ணிட்டேன்னா, அந்த ஆள் வீட்டு வாசல்ல போய் நிப்பேன். திட்டினாலும் நிப்பேன். இவர் தண்ணியைக் குடிச்சுட்டு, வாழ்த்திட்டு வந்துட்டார். அந்தம்மா அப்படியே இருட்டுல நின்னு சமைச்சுட்டு இருந்திருக்காங்க, வேற எவனோ வந்து அந்த ஜன்னலை வெட்டற வரைக்கும். அப்பா மேல மரியாதை இருக்கு. இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த ஒரு நாளை என்னால விழுங்க முடியல.

— நீ சொல்றது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. எனக்கு இப்போ யார் மேல கோபப்படறதுன்னும் தெரியல. என் போனை எடு, அந்த ஜன்னல் கட்டையில இருக்கு.

— யாருக்கு?

— அந்த நர்ஸுக்குத்தான். தண்ணி கேட்டு வந்த மனுஷனை அவங்க வீட்ல யாருக்காவது ஞாபகம் இருக்கான்னு கேக்கறேன்.

— எதுக்கு வீணா? தண்ணி கேட்டு வந்தவரையெல்லாம் யார் ஞாபகம் வச்சுக்குவா? அதுவும் அவங்க இங்க வந்தப்போ வாசல்ல அப்பா போட்டோவைப் பார்த்துட்டுத்தானே வந்திருப்பாங்க, ஞாபகம் இருந்தா அப்பவே சொல்லியிருப்பாங்களே.

— அது காலேஜ்ல டை கட்டிட்டு எடுத்தது. அரும்பு மீசையும் சுருட்டை முடியுமா. அதைப் பார்த்தா அப்பாவுக்கே அவரை அடையாளம் தெரியாது. இரு, உன் பையன் பிறந்தநாளுக்கு எடுத்தது இதுல இருக்கு, தலை நரைச்சது. இதை அனுப்பறேன். இவர் எப்பவாவது உங்க வீட்டுக்கு வந்த ஞாபகம் இருக்கா, அவ்வளவுதான் கேட்டிருக்கேன். யாருன்னு சொல்லல.

— சொல்லாம இருக்கறதே நல்லது. அவங்களுக்குத் தெரியலைன்னா அதோட விட்டுடு. நான் ஒரு பெட்டியைப் பிரிக்கறேன். இதை மட்டும் வச்சுக்கோ, மத்தது போகட்டும். பாதிக்குப் பாதி. என்ன சொல்ற?

— யோசிக்கறேன். அதோ, கூப்பிடறாங்க.

— ஸ்பீக்கர்ல போடு.

— சொல்லுங்கம்மா. வேலை நேரத்துல தொந்தரவு பண்ணிட்டேனா?

— இல்லைங்க டீச்சர், இப்பதான் டூட்டி மாறினேன். போட்டோ பார்த்தேன்.

— ஒண்ணுமில்லம்மா. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி இவர் உங்க வீட்டுக்குத் தண்ணி கேட்டு வந்தாராம். நீங்க அப்போ சின்னப் பொண்ணா இருந்திருப்பீங்க, மறந்திருக்கும்.

— இவரை எப்படிங்க டீச்சர் மறப்பேன்? இவர் எங்க ஜன்னல் மாமா. தண்ணி குடிச்சுட்டுப் போனவர், கொஞ்ச நாள்லயே தோள்ல ஏணியோட வந்து நின்னாரு. உங்க சமையல்கட்டுல ஒரு வேலை பாக்கி இருக்குன்னு எங்கப்பாகிட்ட சொன்னாரு. அப்பா முதல்ல பைத்தியமோன்னு பயந்துட்டாரு. அப்புறம் ரெண்டு பேருமா லீவு நாள்ல எல்லாம் மேல ஏறி நின்னு வெட்டினாங்க. உளி பிடிச்சுப் பழக்கமே இல்லை போல, கை ரெண்டும் கொப்புளிச்சுப் போகும், எங்கம்மாதான் மருந்து போட்டு விடுவாங்க. கண்ணாடி மாட்டின அன்னைக்கு அம்மாவை உள்ள நிக்க வச்சு, லைட்டை அணைங்கம்மான்னு சொல்லிட்டு அழுதுட்டாரு. எங்கம்மா இருந்த வரைக்கும் வந்துட்டிருந்தாரு, டீச்சர். வருவாரு, சமையல்கட்டு வாசல்ல கொஞ்ச நேரம் உக்காருவாரு, போயிடுவாரு. பேரு கேட்டா சிரிப்பாரு. எங்க போனாரு, என்ன ஆனாருன்னு எங்களுக்கு ஒண்ணுமே தெரியல. டீச்சர், லைன்ல இருக்கீங்களா? இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?